சென்னைக்குப் பருவங்கள் ஆறு

சென்னைக்கு மூன்றே பருவங்கள் என்று ஒரு ஹாஸ்யம் உண்டு: வெயில், கடும் வெயில், கொடும் வெயில். கல்யாணப் பந்தலிலும் ரயில் வண்டியிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. கேட்பவர்கள் சிரிக்காமல் இருப்பதும் இல்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. முப்பது வருஷம் ஓர் ஊரில் குடித்தனம் செய்துவிட்டு இப்படிச் சொல்கிறவர், தம் வீட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தவரல்லர் என்றே நான் முடிவு கட்டுகிறேன்.

நம் முன்னோர் வருஷத்தை ஆறு பங்காக்கினார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்துவிடுகிற சங்கதியாக இதை ஆக்கிவிட்டோம். கணக்கு என்னவோ இன்றும் நம் மதில் சுவர் ஓரத்தில் தப்பாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் புழுங்கி, சாயங்காலம் இடியோடு ஒரு மழை கொட்டும். விடிந்தால் பவழமல்லி தரையில் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்புகிறது. இமயமலை அடிவாரத்திலிருந்து புறப்பட்ட ஒரு சின்னப் பறவை அப்போது நம் தோட்டத்துப் புதரடியில் வந்து இறங்கும். குட்டை வால், உடம்பெல்லாம் வர்ணம். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்தார்கள். கடிகாரம் பார்த்துப் பறவைக்குப் பெயரிட்ட ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாம்!

மார்கழி, தையில் பள்ளிக்கரணைச் சதுப்பில் வடதேசத்து வாத்துகள் வந்து மிதக்கும். அதே நாட்களில், இரவில், பெசன்ட் நகர் மணலிலும் நீலாங்கரை மணலிலும் பங்குனி ஆமைகள் கரையேறிக் குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டுவிட்டுப் போகின்றன. மாசியில் புங்கமரம் மொட்டையாகி, சில நாளைக்குள் கண்ணாடிபோல் மின்னும் தளிரைப் போர்த்திக்கொள்ளும். கல்யாண முருங்கை சிவக்கும். மைனாக்கள் அதில் சந்தை கூட்டும். சித்திரையில் வேப்பம்பூ மணம், சரக்கொன்றையின் மஞ்சள், விடியுமுன் குயில். ஆனியில் மேல்காற்று பலமாக வீசிக் கடல்காற்றைத் தடுத்து நிறுத்தும். நாம் தவித்துக்கொண்டிருக்கும்போது, தெருக்கோடி மரத்தில் ஒரு காகம் தன் பிள்ளை என்று நினைத்துக் குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். இத்தனையும் பஸ் சார்ஜுக்குள் அடங்கும் காட்சிகள். இவற்றை விட்டுவிட்டு, மே மாதத்தில் உதகமண்டலத்துக்குப் போய், மோட்டார் வரிசையில் நாலு மணி நேரம் நின்று, அந்த நெரிசலுக்கு இயற்கை என்று பெயர் சூட்டுகிறோம். மலைக்குப் போவது குற்றமென்று நான் சொல்லவில்லை. வாசலைப் பார்க்காதவன் மலையிலும் என்ன பார்த்துவிடப் போகிறான் என்றுதான் கேட்கிறேன்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களையும் விட்டுவைப்பதற்கில்லை. நம் கதைகளில் "பறவைகள் பாடின, மலர்கள் சிரித்தன" என்று வருகிறதே, எந்தப் பறவை? எந்த மலர்? கதாநாயகியின் புடவைக் கரைக்கு அரைப் பக்கம் கொடுக்கிற ஆசிரியர், அவள் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு ஒரு பெயர் கொடுப்பதில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் குடியிருந்து, கல்கத்தாவின் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் 1950 முதல் 1996 வரை இயற்கையைப் பற்றி விடாமல் எழுதி வந்தார். யானையை எழுதிய அதே பேனாவால் காக்கையையும் எழுதினார். நாவலாசிரியரின் பெயரை அறிந்த நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு இந்த மகனின் பெயர் தெரியும்?

இது வெறும் ரஸனை விவகாரமானால் நான் இவ்வளவு கோபித்துக்கொள்ள மாட்டேன். பெயர் தெரியாத பொருள் திருட்டுப் போனால் புகார் கொடுக்க ஆள் இருக்காது. பள்ளிக்கரணைக்கு நேர்ந்தது அதுதான். நீரும் கோரையும் பறவையும் நிறைந்த அந்த இடம் நம் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது. ஒரு பக்கம் பல்லாண்டுகள் நகரத்துக் குப்பையைக் கொட்டினோம். மற்றப் பக்கங்களில் கட்டடம் எழுப்பினோம். மழைநீர் தங்கும் மடியை அடைத்துவிட்டு, 2015 டிசம்பரில் வேளச்சேரி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது வானத்தைத் திட்டினோம். 2022இல் அந்தச் சதுப்பில் எஞ்சிய சுமார் 1247 ஹெக்டேர் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது. உலகம் கண்டுபிடித்துச் சொல்லும்வரை உள்ளூர்க்காரனுக்குத் தெரியவில்லை!

ஆமைகள் கதையும் இதுதான். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட நீருக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் அகப்பட்டால் வர முடியாது. வலைக்குத் தப்பி வந்து இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான திசையைக் கடலென்று நம்பி, நாம் போட்ட விளக்கை நோக்கித் தரைப்பக்கம் நகர்ந்து மாள்கிறது. 1988 முதல் மாணவர்கள் சிலர் ராத்திரி முழுக்க இந்த மணலில் நடந்து முட்டைகளை எடுத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அதே மணலில் சாயங்காலம் சுண்டல் தின்றுவிட்டு எழுந்து போகிற நமக்கு அவர்கள் யாரென்றும் தெரியாது.

எங்கள் தெருவிலேயே பார்த்தேன். இலை உதிர்த்துக் குப்பை போடுகிறது என்று ஒரு புங்கமரத்தை வெட்டினார்கள். அடுத்த சித்திரையில், காரெல்லாம் காய்கிறது என்று அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள். மரத்துக்குக் காசு கேட்கத் தெரியவில்லை, தகரத்துக்குத் தெரிந்தது.

"வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகிறவனுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்பார்கள். நல்ல கேள்விதான், ஆனால் கேட்கிறவர் பெரும்பாலும் வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகிறவர் அல்லர். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடியைச் சுற்றியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள், கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் விவசாயிகள், எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரமென்று கண்டு, சர்க்கார் சரணாலயம் என்று பலகை மாட்டுவதற்கு வெகு காலம் முன்பே பறவைகளைக் காத்தார்கள். அவர்களிடம் பொழுதும் இல்லை, பைனாகுலரும் இல்லை. பார்க்கும் பழக்கம் இருந்தது.

நான் கேட்பது அதிகமில்லை. உங்கள் தெருவில் நிற்கும் பத்து மரங்களின் பெயரையும், அவற்றில் வந்து உட்காரும் பத்துப் பறவைகளின் பெயரையும் ஒரு வருஷத்துக்குள் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கோடரியோடு ஆள் வரும் நாளில், "எந்த மரத்தை வெட்டுகிறாய்?" என்று பெயர் சொல்லிக் கேட்க வாசலில் ஒருவராவது நிற்க வேண்டாமா?