நடமாடும் கடை: வாகனத்தின் உட்புறத்தை முதலில் பாருங்கள்

பொட்டணியைத் தோளில் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்று புடவை விற்றவர்களின் பிள்ளைகள் இன்று அதே வியாபாரத்தை வேனிலும் சிறு லொறியிலும் செய்கிறார்கள். பிளாஸ்டிக் சாமான், பாதணி, பலசரக்கு, மசாலா என்று சக்கரத்தில் வராத கடையே இல்லை. பாண் கூட பீத்தோவனின் மெட்டை ஒலித்தபடி முச்சக்கர வண்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

நல்ல விடயம்தான். ஆனால் இந்த வாகனங்களை எமது வியாபாரிகள் தெரிவு செய்யும் முறை பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சின் எப்படி, டயர் எப்படி, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, ஏ.சி. இருக்கிறதா, மீண்டும் விற்றால் என்ன விலை போகும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள். சாமான் இருக்கப்போகிற உட்புறத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. “அதைப் பிறகு பாஸிடம் சொல்லி அடித்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். லீசிங்கோ இஜாராவோ, மாதா மாதம் பணம் கட்டி வாங்கும் பொருளின் பாதிப் பயனை இப்படி இழக்கலாமா?

அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பயண டிரெய்லர்களை வாங்குவோரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. உள்ளே ஏறி, கட்டிலில் படுத்து, சமையல் மேசை முன் நின்று, கழிவறைக் கதவைச் சாத்திப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். வண்டி நின்றதும் அறையின் ஒரு பகுதி வெளியே நீளும் வகை டிரெய்லர்கள் அங்கே ஏராளம். விபரம் தெரிந்தவர் அந்தப் பகுதியை உள்ளே தள்ளிவிட்டு, இப்போது குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முடிகிறதா, கழிவறைக்குப் போக முடிகிறதா என்று பார்ப்பார். பிரயாணத்தின் நடுவே அதுதானே தேவை? உல்லாசப் பிரயாணத்துக்கு வாங்குபவருக்கே இவ்வளவு கவனம் என்றால், வயிற்றுப் பிழைப்புக்கு வாங்குபவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

கணக்குக்கு வருவோம். எம்மவர் “டிமோ பட்டா” என்று அழைக்கும் டாட்டா ஏஸ் வாகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாமான் தட்டு ஏறக்குறைய 7 அடி நீளம், 58 அங்குல அகலம். இரு பக்கமும் 15 அங்குல ஆழத்தில் இறாக்கை அடித்தால் நடுவே 28 அங்குலம் மிஞ்சும். ஒருவர் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து பெட்டியை எடுத்துத் திரும்ப அது போதும். “இன்னும் கொஞ்சம் சாமான் பிடிக்கட்டுமே” என்று இறாக்கையை 20 அங்குலமாக்கினால் நடுவில் 18 அங்குலம்தான். அதில் நிற்கலாம், குனிய முடியாது. விளைவு, கீழ்த்தட்டுச் சாமான் மாதக்கணக்கில் வெளிச்சம் காணாமல் கிடக்கும். அதில் முடங்குவது உங்கள் முதல்.

அடுத்தது பாரம். அந்த ரக வாகனம் சுமக்கக்கூடியது சுமார் 750 கிலோ. எட்டுக்கு நான்கடி, 18 மில்லிமீற்றர் பிளைவுட் பலகை ஒன்று 30 கிலோ அளவில் நிற்கும். ஆறு பலகையில் இறாக்கை அடித்தால் 180 கிலோ. அதாவது ஒரு பிஸ்கட் பெட்டி ஏற்றுவதற்கு முன்பே வாகனத்தின் நான்கிலொரு பங்குப் பாரத்தை பலகைக்குக் கொடுத்துவிட்டீர்கள். மூடிய கூடு கட்டினால் அதன் இரும்பும் தகரமும் வேறு. அலுமினியச் சட்டமும் மெல்லிய பலகையும் முதலில் விலை கூடத்தான் செய்யும். ஆனால் எரிபொருளுக்குக் கொடுக்கும் காசு தினமும் போவது. 2022இல் கியூ.ஆர். கோட்டாவில் சில லீற்றருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கதவு எந்தப் பக்கம் என்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். எமது நாட்டில் வாகனங்கள் இடது பக்கமாகச் செல்கின்றன. வீதியோரம் நிறுத்தினால் வாடிக்கையாளர் நிற்க வேண்டியது இடது பக்கத்தில், மண்ணில். ஆகவே விற்பனைத் திறப்பு இடப்பக்கமே இருக்க வேண்டும். ஜப்பானிலும் இதே ஒழுங்கு என்பதால் அங்கிருந்து வந்த வேன்களில் தள்ளு கதவு பெரும்பாலும் இடப்பக்கம்தான். அதை அடைத்து இறாக்கை அடித்துவிட்டு, பின் கதவால் வியாபாரம் செய்பவர்களைப் பார்க்கிறோம். பெண்களும் பிள்ளைகளும் ஓடும் பஸ்ஸுக்கு முதுகு காட்டி நின்று பொருள் தெரிய வேண்டியிருக்கிறது. கடைகளுக்கு மொத்தமாக விநியோகிப்பவருக்கு வேண்டுமானால் பின் கதவு பரவாயில்லை. அவரும் கடைசிக் கடையின் சாமானை முதலில் ஏற்றும் பழக்கத்தைப் பேண வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கடையிலும் பாதி லொறியை இறக்கி ஏற்ற நேரிடும்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் போய் வருபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அரிசி, சீனி, எண்ணெய் போன்ற பாரங்கள் தரையில், பின் அச்சுக்கு முன்பாக இருக்கட்டும். அச்சுக்குப் பின்னால் பாரம் குவிந்தால் முன் சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும், ஏற்றத்தில் இன்னும் மோசம். வளைவுகளில் சாமான் பக்கவாட்டில் பாயும் என்பதால் தட்டின் விளிம்பில் ஓர் அங்குலமாவது உயர்ந்த சட்டம் தேவை. சாரதி ஆசனத்துக்குப் பின்னால் உறுதியான தடுப்பு கட்டாயம். திடீரென்று பிரேக் அடிக்கும்போது பின்னாலிருக்கும் டின் பால்மா பெட்டி எங்கே வரும் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். கூட்டின் உயரத்திலும் பேராசை கூடாது. சின்ன வாகனத்தில் உயரமான கூடு காற்றுக்கும் வளைவுக்கும் ஆடும்.

சவர்க்காரமும் தேயிலையும் ஒரே பக்கத்தில் வேண்டாம், தேயிலை எந்த வாசனையையும் வாங்கிக்கொள்ளும். புடவை வைப்பவர் பின் கதவின் இறப்பர் பட்டியை மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும். விளக்குக்குத் தனி பெட்டறி வையுங்கள். எஞ்சின் பெட்டறியிலேயே இரவுச் சந்தை நடத்தினால் பிறகு வண்டியைத் தள்ளத்தான் ஆள் தேட நேரும்.

லீசிங்கில் உள்ள வாகனத்துக்குப் பதிவுப் புத்தகத்தில் பூரண உரிமையாளர் நிதி நிறுவனமே. எனவே கூடு கட்டுமுன் அதன் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் மாற்றத்தைத் தெரிவியுங்கள். உள்ளே இருக்கும் சரக்குக்கும் காப்புறுதி உண்டா என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஏற்கனவே இறாக்கை அடித்த பழைய வேனை வாங்கப் போகிறவர்கள் கையோடு ஓர் அளவு நாடாவும், தமது கடையில் அதிகம் ஓடும் சாமானின் வெறும் பெட்டிகள் ஐந்தாறும், நாளை அதில் வேலை செய்யப்போகும் பொடியனையும் கூட்டிச் செல்லுங்கள். அவன் ஏறி, பெட்டியைத் தட்டில் வைத்து, எடுத்து, இடப்பக்கக் கதவால் நீட்டட்டும். பத்து முறை. முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலையில் இறாக்கையைக் கழற்றி அடிக்கும் செலவைக் குறைத்துக் கேளுங்கள்.