அடம் அல்ல, அவதி!

பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது. எடை பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள், காதில் விளக்கடித்துப் பார்க்கிறார்கள். ஒரு சிறுவன் மட்டும் அலறுகிறான். காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்குகிறான். "அடங்காப் பிள்ளை" என்கிறார் ஒருவர். "பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் இன்னொருவர். முடியவில்லை. அவன் அட்டையில் கட்டங்கள் காலியாகவே நின்றுவிடுகின்றன. சொத்தைப் பல்லோ, காதில் சீழோ இருந்தால்? அதுவும் அவனோடேயே வீடு திரும்புகிறது!

அடமா அது? இல்லை, அவதி! ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு மின்விசிறியின் முனகலும் பேரிரைச்சல். ஸ்டெதாஸ்கோப்பின் சில்லிப்பு, ஸ்பிரிட் வாடை, கையை இறுக்கும் இரத்த அழுத்தப் பட்டை: நமக்கு நொடிப்பொழுது, அவனுக்கு? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் ஏற்றது. சட்டம் ஏற்றதை மருத்துவக் குழுவின் வரிசை ஏற்க வேண்டாமா?

நாம் மாளிகை கேட்கவில்லை. 2013-இல் தொடங்கிய நடுவண் அரசின் சிறார் நலத் திட்டப்படி, நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வரவேண்டும். வரும் நாளை முன்கூட்டியே தாய்க்குச் சொல்வதில் என்ன செலவு? ஒரு வாரம் முன்பே வீட்டில் பொம்மையின் மார்பில் மூடியை வைத்து டாக்டர் விளையாட்டு விளையாடலாம். பட்டையை முதலில் அம்மாவின் கையில் சுற்றட்டும். பிறகு அவன் கையில், காற்றடைக்காமல். தொடுமுன் சொல்லுங்கள். "பத்து எண்ணுவதற்குள் முடியும்" என்றால் பத்தில் முடியுங்கள். பதினொன்று ஆனால் பொய்யர் ஆகிவிடுவீர்கள்! "வலிக்காது" என்று சொல்லி ஊசி குத்தும் நம் ஊர் வழக்கமும் ஒழியட்டும்.

கூச்சல் இல்லாத ஓர் அறை. வரிசையில் முதல் இடம். இன்று எடை மட்டும்தான் முடிந்தது என்றால் எடை மட்டும். மீதியை இன்னொரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். "நேரமில்லை" என்பர். நால்வர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க மட்டும் நேரம் இருக்கிறதே! அப்படிப் பிடிபட்ட பிள்ளை அடுத்த முறை வெள்ளைச் சட்டையைக் கண்டதும் ஓடுகிறான். பிறகு காய்ச்சல் என்றாலும் அவனை மருத்துவமனைப் படி ஏற்ற முடியாமல் தவிப்பவள் தாய்.

அடுத்த சுற்றுக்குக் குழுக்கள் புறப்படுமுன், இவற்றைச் சுற்றறிக்கையாக அனுப்புமாறு நலவாழ்வுத் துறையைக் கேட்கிறோம். அட்டையில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதும் இடத்தில், "மீண்டும் பார்க்கும் நாள்" என்று ஒரு கட்டம் வரட்டும்.