படியாத கழுதையும் பழக்கத் தெரியாத நாமும்

"அடியாத மாடு படியாது" என்பது நம்மவர் பெருமையோடு எடுத்தாளும் பழமொழி. மன்னார்த் தீவில் அது மாட்டோடு நிற்கவில்லை. அராபிய வணிகர் கொணர்ந்தவை எனக் கூறப்படும் கழுதைகள் ஒரு காலத்தில் அங்கு பொதி சுமந்தன. வாகனங்கள் பெருகியதும் தெருவில் விடப்பட்டன. இன்று அவற்றுக்கு எஞ்சியவை குப்பைமேட்டுப் பொலித்தீனும் கல்லெறியும் வாகன விபத்துமே.

கழுதை பிடிவாதப் பிராணி, அடியன்றி அசையாது என்பர். இக்கூற்று முற்றிலும் தவறானது. அஞ்சிய குதிரை ஓடும். கழுதையோ பெரும்பாலும் நின்று நிதானிக்கும். கரடுமுரடான வறண்ட நிலத்தில் வாழ்ந்த அதன் மூதாதையர்க்குக் கண்மூடி ஓடுவது ஆபத்தாகவே இருந்திருக்கும். அந்நிதானத்தைப் பிடிவாதமெனப் பெயரிட்டு மேலும் அடிக்கிறோம். அது மேலும் அஞ்சி நிற்கிறது. கயிற்றை மெல்ல இழுத்து, ஓரடி எடுத்துவைத்த கணமே தளர்த்திப் பாருங்கள். அத்தளர்வே அதற்குப் பாடம்.

இது புதுமையன்று. சினத்தோடு குதிரையை அணுகலாகாதெனக் கிரேக்க அறிஞர் செனபோன் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதினார். நமது எதிர்க்கரையின் கதையோ வேறு: 13ஆம் நூற்றாண்டில் பாண்டிநாட்டுக்குக் கடல்வழி வந்த குதிரைகள் பேணத் தெரியாதோர் கையில் மாண்டன என்கிறார் மார்க்கோ போலோ.

"மனிதருக்கே கதியற்ற மண்ணில் கழுதைக்குக் கருணையா?" என்று கேட்போர் உளர். மன்னாரிலே பிரிட்ஜிங் லங்கா அமைத்த கழுதை மருத்துவ, கல்வி நிலையத்தின் பணிகளுள் விசேட தேவையுடைய சிறுவரைக் கழுதைகளோடு பழகவிடுவதும் ஒன்று. அடித்துப் பழக்கிய விலங்கினருகே எந்தத் தாய் தன் பிள்ளையை விடுவாள்?