பாட்டில்லாப் படமும் பழிச்சொற்கள் மூன்றும்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கக் கூடும் தமிழர்கள், பை நிறைந்தபின் அரைமணி நேரமேனும் நின்று பேசாமல் வீடு திரும்புவதில்லை. அண்மையில் அவ்வாறு நின்றபோது, சங்கத்தில் ஒரு மாலை ‘அந்த நாள்’ திரைப்படத்தைத் திரையிடலாமே என்றோம். உடனே மூன்று மறுப்புகள் எழுந்தன. “அது வெள்ளைக்காரன் படத்தின் நகல்” என்றார் ஒருவர். “கொலைக்கதையைக் குடும்பத்தோடு பார்ப்பதா?” என்றார் மற்றொருவர். “பாட்டே இல்லையே சார், பிள்ளைகள் எப்படி உட்காருவார்கள்?” என்றார் மூன்றாமவர். கூடைகளுக்கும் கூச்சலுக்கும் இடையே சொல்ல முடியாத விடையை இம்மலரில் எழுதுகிறோம்.

முதலாவது, நகல் என்னும் பழி. 1954 ஏப்ரலில் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட இப்படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர். கதைவசனம் எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். 1950-இல் ஆண்டனி ஆஸ்குவித் இயக்கிய ‘தி உமன் இன் கொஸ்டின்’ என்னும் பிரிட்டிஷ் படத்தின் சாயல் இதில் இருப்பது உண்மையே. அங்கே குறிசொல்லும் பெண்ணொருத்தி கொலையுண்டு கிடக்கிறாள். அவளை அறிந்த ஐவர் ஐந்து விதமாக அவளைச் சித்திரிக்கின்றனர். இங்கே ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுடப்பட்டு மடிகிறான். அண்டை வீட்டார், உடன்பிறந்தான், அவன் மனைவி, ஆசைநாயகி, கட்டிய மனைவி என இங்கும் ஐவர். சட்டகம் இரவல்தான். ஆனால் அச்சட்டகத்துள் நம்மவர் வைத்த சித்திரம் யாருடையது?

கதை நிகழும் காலம் 1943 அக்டோபர். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நேரம். தன் வானொலி ஆராய்ச்சிக்குத் தாய்நாட்டில் ஆதரவு கிடைக்காத கசப்பில் ஜப்பானுக்கு இரகசியங்களை விற்றவன் ராஜன். எழுபது ஆண்டு கடந்த படத்தின் முடிவை மறைப்பானேன்? நாட்டுப்பற்று மிக்க மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனை வீழ்த்துகிறது. கணவன் கள்வனல்லன் என நிறுவி அரசனிடம் நீதி கேட்டவள் கண்ணகி. கணவனே குற்றவாளி என்று கண்டபின் ஒரு தமிழ்ப்பெண் என் செய்வாள் என்று கேட்டது இப்படம். இக்கேள்வி இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானதன்று.

நாம் நின்று பேசிய சந்தையின் பெயரையும் எண்ணிப் பாருங்கள். ஐ.என்.ஏ. என்பது இந்திய தேசிய இராணுவம். அதே 1943-ஆம் ஆண்டில், நேதாஜியின் அழைப்பை ஏற்று, மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப்பெண்கள் ஜான்சிராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அப்படைக்குத் துணைநின்றதும் அதே ஜப்பான்தான். அங்கே ஜப்பானின் துணையோடு துப்பாக்கி எடுத்தவளும் நாட்டுப்பற்றாளர். இங்கே ஜப்பானின் ஒற்றனுக்கு எதிராக எடுத்தவளும் நாட்டுப்பற்றாளர். நம் பிள்ளைகளோடு பேசுவதற்கு இதைவிடப் பொருள் செறிந்த முரண் வேறு வேண்டுமா?

இரண்டாவது பழி, கொலைக்கதை கீழானது என்பது. பிரிட்டனில் 1927-ஆம் ஆண்டுச் சட்டம், உள்நாட்டுப் படங்களை ஒரு விகிதத்திற்கேனும் திரையிட வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. அதனால் சொற்பச் செலவில் அவசர அவசரமாகப் பல படங்கள் எடுக்கப்பட்டன. நாலு சுவர், ஒரு பிணம், ஐந்தாறு சந்தேகப் பேர்வழிகள் என்ற அளவில் முடிந்தவை அவற்றுள் அநேகம். உலகம் அவற்றை எள்ளி நகையாடிற்று. ஆயினும் அப்பட்டறையில் பயின்று வந்தவரே பின்னாளில் புகழ்பெற்ற மைக்கேல் பவல். மலிவு வேறு, இழிவு வேறு. அன்றியும், கொலையையும் விசாரணையையும் நீக்கிவிட்டால் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் எஞ்சுவது யாது? தீர விசாரியாது ஒருவனைக் கொல்வித்தான் பாண்டியன். உடைந்த சிலம்பினின்று தெறித்த மாணிக்கப் பரலே சான்றாகி அவனை வீழ்த்தியது. சான்று தேடும் கதை நமக்குப் புதிதன்று.

மூன்றாவது பழியே நம் நெஞ்சைச் சுடுவது. பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாத முதல் தமிழ்ப்படம் இது. இயக்கியவர் இசையறியாதவரோ? வீணை பாலசந்தர் என்று உலகம் போற்றிய அதே வித்வான்! கையில் வீணை இருந்தும், கதைக்கு வேண்டாத இடத்தில் அதனை மீட்ட மறுத்தார். சிவாஜி கணேசனும் நாயகனுக்குரிய பெருமைகளைத் துறந்து துரோகியாக நடித்தார். தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் பாட்டை எதிர்பார்த்து வந்த மக்கள் ஏமாந்தனர்; வசூலில் படம் தோற்றது. பாட்டில்லாத் தமிழ்ப்படங்கள் அரியனவாகவே நின்றுவிட்டன. ‘வீடு’, ‘குருதிப்புனல்’ என விரல்விட்டு எண்ணவேண்டிய நிலை. அந்தப் பழியில் நமக்கும் பங்குண்டு.

அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மவர்க்கு இப்படத்தில் வேறொரு பாடமும் உண்டு. ராஜன் செய்தது மன்னிக்கத் தகாதது. ஆயினும் அவனது கசப்பின் வேர், ஆதரவற்றுப் போன ஒரு விண்ணப்பத்தில் இருக்கிறது. அத்தகைய விண்ணப்பங்கள் நாள்தோறும் நம் மேசைகளைக் கடந்தே செல்கின்றன.

ஆதலின் அன்பர்களே, அடுத்த ஆண்டுவிழாவில் திரையிசைப் பாடல்களுக்கு இரண்டு மணிநேரம் ஒதுக்குவது போல, இப்படத்திற்கும் ஒரு மாலையை ஒதுக்குங்கள். திரையிட்ட பின்னர்ப் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். உஷா செய்தது சரியா, தவறா என்று அவர்கள் தமிழிலேயே வாதிடட்டும். தில்லியில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடத் தெரிந்தால் போதாது. தமிழில் வாதிடவும் தெரிய வேண்டும்.