கேட்ட சேனலுக்கு மட்டும் காசு



உங்கள் வீட்டு டிவியில் எத்தனை சேனல்கள் வருகின்றன? அவற்றில் எத்தனையை இந்த மாதம் பார்த்தீர்கள்? அம்மாவுக்கு இரண்டு சீரியல் சேனல், அப்பாவுக்கு ஒரு செய்திச் சேனல், பிள்ளைகளுக்கு கார்ட்டூன், மேட்ச் நடக்கும் மாதங்களில் ஒரு ஸ்போர்ட்ஸ் சேனல். பெரும்பாலான வீடுகளில் அவ்வளவுதானே?

ஆனால், யாரும் பார்க்காத சேனல்களுக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும், வேண்டிய கட்டணச் சேனலை மட்டும் தனியாக வாங்கும் உரிமை 2019 முதலே நம் கையில் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் இதற்கான விதியைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 அக்டோபரில் விதி செல்லும் என்று தீர்ப்பானது. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் விலையை அறிவிக்க வேண்டும், தனியாகக் கேட்டால் தனியாகத் தர வேண்டும்.

அப்படியிருந்தும் ஏன் எல்லா வீட்டிலும் பேக்?

விலையைப் பாருங்கள், புரியும். சேனல்களைச் சேர்த்து பேக்காக விற்றால் 15 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்றுதான் டிராய் முதலில் சொன்னது. அந்த ஒரு வரம்பை மட்டும் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022-இல் டிராய் அதை 45 சதவீதமாக வைத்தது. அதாவது, தனித்தனி விலையைக் கூட்டினால் 100 ரூபாய் வரும் பேக்கை 55 ரூபாய்க்கு விற்கலாம். அதிலிருந்து 19 ரூபாய் சேனல்கள் மூன்றை மட்டும் நீங்கள் எடுத்தால் 57 ரூபாய்! மூன்றுக்குக் கொடுப்பதைவிட மொத்தமும் மலிவு என்றால், எந்தக் குடும்பத்தலைவி மூன்றை மட்டும் கேட்பார்?

இதற்கு மேல் நெட்வொர்க் கட்டணம் வேறு. கட்டணச் சேனல் ஒன்றுகூட வாங்காத வீடும் இதைக் கட்டியாக வேண்டும். முதலில் 100 சேனலுக்கு 130 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று இருந்தது, ஜிஎஸ்டி தனி. 2024-இல் அந்த உச்சவரம்பும் போய்விட்டது. 2011-இல் அரசு கேபிளுக்கு மாதம் 70 ரூபாய் கட்டிய வீடுகளுக்கு இந்தச் சுமை நன்றாகவே தெரியும்.

பேக் இல்லாவிட்டால் சின்னச் சேனல்கள் பிழைக்காது என்கிறார்கள். அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், பேக்கில் யாருடைய சேனல்கள் இருக்கின்றன? ஒளிபரப்பு நிறுவனம் போடும் பேக்கில் அந்த நிறுவனத்தின் சேனல்கள்தான். பெரிய சேனலின் தயவில் அதன் தங்கைச் சேனல்கள் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. தனியாக ஒரே சேனல் நடத்துபவருக்கு இதில் என்ன பயன்?

பேக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய குடும்பத்துக்கு அது லாபமாக இருக்கலாம். தனியாக எடுப்பவருக்கு நஷ்டம் வரும்படி விலை வைப்பதுதான் தவறு. தள்ளுபடி வரம்பை டிராய் குறைக்க வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருபவர்கள் வயதானவர்கள். செல்போனும் ஓடிடியும் கைவந்த இளையவர்கள் வேண்டியதைப் பார்த்துக்கொள்வார்கள். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் டிவிதான் துணை. யாரோ போட்டுவிட்ட பேக்குக்கு, கேள்வி கேட்காமல் பென்ஷனிலிருந்து பணம் கட்டுகிறவர்கள் அவர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு அரைமணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். என்னென்ன பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சேனல் விலைகளை டிவியின் 999-ஆம் எண் சேனலில் காட்ட வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்துக் கூட்டுங்கள். மேட்ச் சீசன் முடிந்திருந்தால் ஸ்போர்ட்ஸ் சேனலை நிறுத்துங்கள். தனியாக எடுத்தால் எவ்வளவு, பேக்காக எடுத்தால் எவ்வளவு என்று கேபிள்காரரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

கேட்கிற வாடிக்கையாளர்கள் கூடினால்தான் விலை இறங்கும். இந்த மாத ரீசார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்