மூலப்பிரதி இல்லாமல் ஒரு பிழைதிருத்தம்

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் என்றும் நம் கைவசம் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். ஓடுவது வேறு, கைவசம் இருப்பது வேறு. இதற்குத் தெளிவான சாட்சியாக, மைக்ரோசாப்ட் ஆபீஸில் இருந்த ஈக்வேஷன் எடிட்டர் என்ற சிறு செயலியைச் சொல்வேன்.

ஆவணங்களில் கணிதச் சமன்பாடுகளை எழுத உதவிய இச்செயலியை டிசைன் சயின்ஸ் என்ற வேறொரு நிறுவனம் ஆக்கித் தந்தது. 2000 நவம்பரில் மூலநிரலிலிருந்து எந்திரமொழிக்கு மாற்றப்பட்ட கோப்பு, 17 ஆண்டுகள் அப்படியே புழங்கியது. அதில் ஓர் ஓட்டை இருந்தது. எழுத்துருவின் பெயரை நினைவகத்தின் ஒரு சிறு இடத்தில் நகலெடுக்கும்போது, அப்பெயரின் நீளத்தை அது சோதிக்கவில்லை. வேண்டுமென்றே நீட்டி எழுதிய ஒரு பெயரைக் கொண்டு, அந்நியர் ஒருவர் தம் கட்டளைகளை நம் கணினியில் ஓட்டிவிடலாம்.

மூலநிரல் இருந்தால் இது எளிய வேலை. நீளத்தைச் சோதிக்கும் ஓரிரு வரிகளைச் சேர்த்து, மறுபடி எந்திரமொழிக்கு மாற்றினால் போதும். 2017 நவம்பரில் திருத்தம் வெளிவந்தபோது, அதைப் பிரித்துப் பார்த்த ஸீரோபேட்ச் குழுவினர் வியந்துபோனார்கள். புதிதாக உருவாக்கிய கோப்பில் உட்பகுதிகள் இடம்பெயர்ந்திருக்க வேண்டும். இதில் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. எந்திரமொழிக் கட்டளைகளையே நேரடியாகக் கையால் மாற்றியிருந்தார்கள். புதிய சோதனைக்கு இடம் வேண்டுமென்று பழைய கட்டளைகள் சிலவற்றைச் சுருக்கியும் இருந்தார்கள். மூலநிரல் தொலைந்துபோயிருக்கும் என்ற ஊகம் இதனால்தான் எழுந்தது.

அச்சுத்தொழில் அறிந்தவர்களுக்கு இது புரியும். கைப்பிரதியும் கோத்த எழுத்துகளும் போய், வார்ப்புத் தகடு மட்டும் மிஞ்சினால், பிழையான சொல்லை வெட்டியெடுத்த இடத்தில் அதே அளவில் அடங்கும் சொல்லைத்தான் பொருத்த முடியும். புதிய பத்தி ஒன்றைச் சேர்க்க வழியில்லை.

அந்தக் கைவேலையைப் பலரும் கொண்டாடினார்கள். திறமை பாராட்டத்தக்கதுதான். ஆனால் அது எவ்வளவு காலம் தாங்கியது? மேலும் ஓட்டைகள் வெளிப்பட, 2018 ஜனவரியில் அச்செயலியையே நீக்கிவிட்டார்கள். பழைய ஆவணங்களில் இருந்த சமன்பாடுகளை அதன்பின் பார்க்க முடிந்தது. வேறொரு மென்பொருளின் துணையின்றித் திருத்த முடியாமல் போனது. வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த ஆசிரியருக்கு இது சிறிய இழப்பல்ல.

எந்திரமொழிக்கு மாறும்போது நிரலாளர் இட்ட பெயர்களும் எழுதிவைத்த விளக்கங்களும் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. ஒன்றை ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கான சுவடு அவற்றில்தான் இருக்கிறது. மூலநிரல் தொலைந்தால் தொலைவது அந்தக் காரணங்கள். எஞ்சிய கோப்பைக் கட்டளை கட்டளையாகப் பிரித்துப் படிக்கும் நிபுணரும் அவற்றை ஊகிக்கத்தான் முடியும்.

பொதுவில் வெளியான நிரல்களைச் சேகரிக்க, 2016-இல் பிரான்சில் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற காப்பகம் தொடங்கப்பட்டது. விற்பனைக்கென மூடிவைத்த நிரல்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைக்கும் வழக்கம் வணிக உலகில் உண்டு. மருத்துவமனையோ வங்கியோ அரசு அலுவலகமோ மென்பொருள் வாங்கும்போது, அதை ஒப்பந்தத்தில் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். நிரலோடு, அதை எந்திரமொழிக்கு மாற்றும் கருவிகளும் ஒப்படைக்கப்பட வேண்டும். ஆண்டுக்கொருமுறையாவது அவற்றைக்கொண்டு மென்பொருளை மீண்டும் உருவாக்கிப் பார்க்கவும் வேண்டும். செலவு ஆகும்தான். ஆனால் தகட்டைச் சுரண்டித் திருத்தும் நிபுணர் எப்போதும் கிடைப்பார் என்று நம்பியிருப்பது அதைவிடச் செலவானது.