குருந்தங் கன்று

அறந்தாங்கியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கொழுந்தனார் ஜப்பானுக்குப் போய் வந்தபோது ஜிங்கோ மரத்தின் கொட்டைகள் நாலைந்து கொண்டு வந்து கொடுத்தாராம். தொட்டியில் ஊன்றியதில் ஒன்றே ஒன்று முளைத்து, சின்ன விசிறி மாதிரி இரண்டு இலையும் விட்டதாம். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டும், சித்திரை வெயிலில் அது கருகிப் போய்விட்டது. "நான் என்ன பிசகு செய்தேன்?" என்று கேட்கிறார்.

பிசகு ஒன்றும் இல்லை, அம்மா. ஜிங்கோவுக்குக் குளிர்காலம் வேண்டும். இலையெல்லாம் பொன்னாக மாறி உதிர்ந்து, சில மாதம் அது உறங்க வேண்டும். நம் மார்கழிப் பனி அதற்கு எந்த மூலைக்கு? மலைநாட்டுக் குளிரில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். அறந்தாங்கியில் வேண்டாம்.

ஆனாலும் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. சீனத்திலும் ஜப்பானிலும் அது கோவில் மரம். 1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு கிலோ மீட்டருக்குச் சற்றே அதிகமான தூரத்தில் ஹோசென்போ என்ற புத்தர் கோவில் இருந்தது. கோவில் அழிந்தது, வாசலில் நின்ற ஜிங்கோ மட்டும் மறுபடி துளிர்த்தது. பிற்பாடு, 1994-இல் கோவிலைப் புதுப்பித்துக் கட்டினார்கள். மரத்தை வெட்டவில்லை, அதை நடுவில் விட்டுப் படிக்கட்டை இரண்டு பக்கமும் வளைத்துக் கட்டினார்கள். இப்படி ஒரு மரம் நம் வீட்டிலும் இருக்காதா என்று யாருக்குத்தான் தோன்றாது?

அப்படிப்பட்ட மரம் ஒன்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை. பஸ் ஏறினால் சுமார் 14 கிலோ மீட்டரில் ஆவுடையார்கோவில். பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகர் குருவைக் கண்டது அங்கேதான், ஒரு குருந்த மரத்தடியில். திருவாசகத்தில் அருட்பத்து என்ற பதிகத்தை எடுத்துப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு அந்தக் குருந்தம் வருகிறது. கொடுங்கையின் கல் வேலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சுவாமிக்குப் புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் நைவேத்தியம் என்று அதிசயப்பட்டுவிட்டு, ஸ்தல விருட்சத்தைச் சரியாகப் பார்க்காமலே பலர் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். பெருமாள் பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: ஆழ்வார்கள் பாடும், கண்ணன் ஒடித்த குருந்தும் இதே பெயருடையதுதான்!

குருந்து எலுமிச்சைக் குடும்பத்துச் சிறு மரம். தாவர சாஸ்திரத்தில் அட்டலாண்டியா மோனோபில்லா என்பார்கள். காட்டெலுமிச்சை என்றும் சொல்வதுண்டு. இதில்தான் சங்கடம். நர்ஸரியில் குருந்து என்று கேட்டு, காசு கொடுத்து நான் வாங்கி வந்த கன்று இரண்டு வருஷம் கழித்துச் சாதாரண நாட்டு எலுமிச்சையாகக் காய்த்தது. ஊறுகாய் போட்டுச் சாப்பிட்டோம் என்பது வேறு விஷயம். நீங்கள் ஏமாறாமல் இருக்க ஓர் அடையாளம் சொல்கிறேன். குருந்தின் இலை நுனி பெரும்பாலும் கூராக முடியாது. நகத்தால் கிள்ளியதுபோல் அங்கே ஒரு சிறு வெட்டு இருக்கும். இலை தடித்து, கரும்பச்சையாய்ப் பளபளக்கும். கசக்கினால் எலுமிச்சை இனத்து மணம் வரும். கிளையில் முள் உண்டு. பூ வெள்ளை, நல்ல வாசனை. பழம் சிறு நெல்லிக்காய் அளவு, உருண்டையாக இருக்கும்.

விதையிலிருந்தே தொடங்கலாம். பச்சை மாறி மஞ்சள் ஓடிய பழமாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். கோவில் மரத்தில் கைவைக்காதீர்கள். விதையைப் பிதுக்கி எடுத்து, வழவழப்புப் போகச் சாம்பலில் புரட்டிக் கழுவி, நிழலில் ஒரு பொழுது மட்டும் உலர்த்துங்கள். வெண்டை விதைபோல டப்பாவில் போட்டு அடுத்த ஆடிக்கு என்று வைத்தால் வீண்தான். எலுமிச்சை இனத்து விதை காய்ந்தால் உயிர் போய்விடும். அந்த வாரமே, அரை அங்குல ஆழத்துக்குள் ஊன்றிவிடுங்கள். பிறகு ஒரு மாதம் பொறுமை வேண்டும். முளைத்ததா என்று தினமும் கிளறிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு, உங்களுக்கு வேண்டாம்.

தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம். ஆணிவேர் நேரே இறங்க வேண்டும். அடித் துவாரத்தில் ஓட்டுச் சில்லு வைத்து, செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். காட்டில் இது பெரிய மரங்களின் நிழலில் முளைத்து வளர்வது. ஆகவே முதல் வருஷம் காலை வெயில் போதும். உச்சி வெயில் ஆகாது. மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி மிகவும் சிலாக்கியம். தண்ணீருக்கு வேளை கணக்கு வேண்டாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். தினமும் பாசத்தோடு ஊற்றி வேரை அழுகவிட்டவர்கள், வாடவிட்டவர்களைவிட அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

சில மாதத்தில் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கலாம். பெரும்பாலும் அது உப்புத் தண்ணீரின் வேலை. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சுண்ணாம்பு ஏறினால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மழைநீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றிப் பாருங்கள். புதுத் துளிர் பச்சையாக வரும்.

இனி முக்கியமான விஷயம். ஒருநாள் காலை, இலையின் மேல் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். துடைக்கப் போனால் நெளியும்! அது எச்சமல்ல, புழு. சில நாளில் பச்சையாகி விரல் பருமன் கொழுக்கும். தொட்டால் தலையிலிருந்து சிவந்த கொம்பு போன்ற ஒன்றை நீட்டி, ஒரு நெடியையும் விடும். உடனே மருந்துப் புட்டியைத் தேடி ஓடுகிறோம்.

சற்று நில்லுங்கள். எலுமிச்சை இனத்து இலையைத் தின்று வளரும் பட்டாம்பூச்சிகளின் குழந்தைகள் இவை. கரிய இறக்கையில் இளநீலம் தெளித்த பெரிய பட்டாம்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். மகாராஷ்டிர அரசு 2015-இல் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது அதைத்தான். அது முட்டையிடத் தேடி வரும் செடிகளில் குருந்தும் ஒன்று.

அதற்காகப் பத்தே இலை உள்ள கன்றைப் பலி கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு புழு இரண்டு நாளில் அத்தனையையும் மொட்டையடித்துவிடும். கன்று மீளாமலே போகலாம். கன்று முழங்கால் உயரம் வரும்வரை தினம் காலையில் இலையின் இரு பக்கமும் பாருங்கள். புழு இருந்தால் இலையோடு கிள்ளி, தோட்டத்து எலுமிச்சையிலோ கறிவேப்பிலையிலோ விட்டுவிடுங்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் அந்தத் தழையும் ஒத்துக்கொள்ளும். கன்று இடுப்புயரம் தாண்டிவிட்டால் தின்றுவிட்டுப் போகட்டும். இலை மறுபடி வரும். மருந்து தெளிக்கவே தெளிக்காதீர்கள்.

முள் மரம் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் சொன்னால், கொல்லையில் எலுமிச்சை நிற்கிறதே என்று பதில் சொல்லாமல், வேலி ஓரமாக நட்டுவிடுங்கள். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் முள் வேண்டாம் என்பது நியாயம்தானே?

இன்னொன்று: அவசரப்பட்டு, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோவில் காடுகளிலிருந்து கன்றைப் பிடுங்கி வராதீர்கள். ஆணிவேர் அறுந்து, பத்துக்கு எட்டு பட்டுப்போகும். 1970-களிலிருந்து அந்த ஜில்லாவில் எவ்வளவோ நிலம் தைல மரத் தோப்பாகிவிட்டது. குருந்து தானாக முளைக்கிற இடம் இனி அந்தச் சிறு காடுகள்தாம்.

தரையில் நடுவதானால் ஐப்பசி மழை பிடித்தபின், தொட்டி மண் உதிராமல் இறக்கி வையுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தென்னங்கீற்றால் மேற்கே ஒரு தட்டி போதும். இது மெதுவாக வளரும் மரம். மூன்றாவது வருஷத்திலும் உங்கள் இடுப்புக்கு வந்திருக்காது. அறந்தாங்கிச் சகோதரியே, காலியாகக் கிடக்கும் அந்த ஜிங்கோ தொட்டியின் மண்ணைக் கொட்டி வெயிலில் காயப் போடுங்கள். அது ஆழமான தொட்டியாக இருந்தால் இதற்கு அதுவே போதும்.